மறு: நிறுவன நூலகங்களில் 'மார்க்கெட்டிங்': தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

> சந்தைப்படுத்தல் பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல். நூலகத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணிகவியலில் அது அப்படியே இருக்கட்டும். நிறுவன நூலகத்துக்குத்தான் ஒட்டவில்லை. அங்கே விற்பனையும் இல்லை, விலையும் இல்லை. வருபவர் நம்மோடு சம்பளம் வாங்கும் சக ஊழியர். அவர் நமக்குத் தருவது தம் நேரத்தை மட்டுமே.

நான் ஓர் எந்திரத் தொழிற்சாலை நூலகத்தில் பதினோரு ஆண்டு இருந்தேன். மாதந்தோறும் 'புதிய வரவுகள்' என்று நாற்பது தலைப்புகளை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவோம். ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. பிறகு பிரிவு பிரிவாகப் போய், இந்த மாதம் கையில் என்ன வேலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம். வெல்டிங் தரநிலை ஒன்று திருத்தப்பட்டு வந்தபோது, அந்த வேலையில் இருந்த பொறியாளருக்கு மட்டும் இரண்டு வரி எழுதினேன். அரை மணி நேரத்தில் சுருட்டிய வரைபடத்தோடு படியிறங்கி வந்துவிட்டார். அடுத்த வாரம் அதே பிரிவிலிருந்து நான்கு பேர். இந்த வேலைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

வேலை பழையதுதான். புதிய ஆவணங்களை அவரவர் தேவைக் குறிப்போடு எந்திரத்தால் பொருத்தி உரியவருக்கு மட்டும் அனுப்பும் முறையை, ஐபிஎம் கணினி நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-இலேயே முன்வைத்தார். அதற்கும் முன்னால், 1931-இல், சீர்காழியில் பிறந்த நம் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது 'நூல்கள் பயன்பாட்டுக்கே'. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். நான்காவது, வாசகரின் நேரத்தைக் காத்தல். மூன்றும் 'பயன்' என்ற சொல்லுக்குள் அடங்குகின்றன.

ஆகவே என் முன்மொழிவு: நூலகப் பயன்பெருக்கம். பயன்பெருக்க உத்தி, பயன்பெருக்கத் திட்டம் என்று தடங்கலில்லாமல் கிளைக்கிறது. 'விளம்பரம்' இதில் ஒரு சிறு பகுதி, காபி இயந்திரத்தின் மேல் ஒட்டும் சுவரொட்டி மாதிரி. 'பரப்புரை' என்றால் தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது.

ஒரே ஓர் ஐயம். 'பெருக்கம்' வெறும் எண்ணிக்கையைச் சுட்டுவதாகத் தோன்றுமோ? அப்படியானால் 'பயன்விரிவு' எனக்கு உடன்பாடே. கலைச்சொல் பட்டியலில் ஏற்றுமுன், நூலகப் பணியில் இருப்பவர்கள் தங்கள் ஆண்டறிக்கையின் ஒரு பத்தியில் இரண்டையும் வைத்து எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள்.