கேலக்ஸியா பவளத்துக்கும் ஹேமர் பவளத்துக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான்கு அடி நீளமுள்ள என் கடல்நீர்த் தொட்டியில், ஒரே பாறையில் டார்ச் பவளமும் கிளைவிடும் ஹேமர் பவளமும், அவற்றுக்குக் கீழே கைப்பிடி அளவுள்ள ஒரு கேலக்ஸியாவும் உள்ளன. கேலக்ஸியாவிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்திருந்தும், அதை நோக்கிய பக்கத்தில் மட்டும் ஹேமரின் தசை சுருங்கி, இரண்டு இடங்களில் வெள்ளைக் கூடு தெரிகிறது. பகலில் எதுவும் எதையும் தொடுவதில்லை. உப்படர்த்தி 1.025, வெப்பநிலை 25 டிகிரி, காரத்தன்மை 8.5 டிகேஎச். குறை நீரிலா, இடத்திலா?

முதல் பதில்

இடத்தில்தான். நீர் கெட்டிருந்தால் டார்ச்சும் வாடியிருக்கும். சேதம் ஒரு பக்கத்தோடு நின்றிருக்காது. விளக்குகள் அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, மங்கலான சிவப்பு ஒளியில் தொட்டியைப் பாருங்கள். பகலில் சிறு பூங்கொத்து போல அடக்கமாக இருக்கும் கேலக்ஸியா, நுனியில் கொட்டும் செல்கள் செறிந்த ‘ஸ்வீப்பர்’ இழைகளை நீட்டும். அவை 30 சென்டிமீட்டர் வரைகூட எட்டக்கூடியவை, நீரோட்டம் இழுக்கும் பக்கம் சாய்ந்து மிதப்பவை. ஆகவே பகலில் கண்ணால் பார்த்து விடும் இடைவெளிக்குப் பொருளே இல்லை.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். கேலக்ஸியாவை நீரோட்டம் முடியும் மூலையில், மணல்மேல் தனியாக வைப்பதே வழக்கமான அறிவுரை. ஆனால் இரு முனைகளிலும் பம்பு வைத்து மாறி மாறி ஓடவிடுபவர்களுக்கு ‘நீரோட்டம் முடியும் இடம்’ என்று ஒன்று கிடையாது. அவர்கள் எல்லாப் பக்கமும் 30 சென்டிமீட்டர் விடத்தான் வேண்டும். டார்ச்சையும் கவனியுங்கள். ஹேமரும் அதன் உறவான ஃப்ராக்ஸ்பான் பவளமும் பெரும்பாலும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும். டார்ச் அவை இரண்டையுமே கொட்டும். மூன்றையும் ‘ஒரே குடும்பம்’ என்று சேர்த்து நட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் நம்மில் பலர். (ஃபேவியா போன்ற பவளங்கள் பக்கத்துப் பவளத்தின்மேல் செரிமான இழைகளையே வெளித்தள்ளி, அதை அங்கேயே கரைத்துவிடும்.)

கேட்டவர்

நேற்றிரவு பார்த்தேன். கண்ணாடி நூல் போன்ற ஐந்தாறு இழைகள் ஹேமரின்மேல் படிந்திருந்தன. ஹேமரை நகர்த்துவதா, கேலக்ஸியாவையா?

மூன்றாம் பதில்

கேலக்ஸியாவையே நகர்த்துங்கள், காயப்பட்டதை மேலும் அலைக்கழிக்க வேண்டாம். கையுறை அணிந்து, பவளத்தை நீருக்குள்ளேயே மெல்ல அசைத்து, பாலிப்புகள் (பவளத்தின் சிறு உயிர்கள்) முழுவதும் உள்ளே சுருங்கிய பிறகு அடிக்கூட்டைப் பிடித்து எடுங்கள். ஹேமரைப் பொறுத்தவரை, அதன்மேல் நேராக மோதாத மிதமான நீரோட்டமும், நிலையான காரத்தன்மையும், சில வாரப் பொறுமையும் போதும். அடிபட்ட தலைகள் (கிளை நுனியில் உள்ள பாலிப்புகள்) முழுதாக விரியும்வரை அவற்றுக்கு இறால் துண்டு ஊட்ட வேண்டாம், ஏனெனில் செரிக்காத உணவு அங்கேயே அழுகும். காயத்தின்மேல் பழுப்புக் கூழ் (தொற்றின் அடையாளம்) படர்ந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. பம்புகளை நிறுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றி, அந்தக் கிளையை உயிர்த்தசைக்குக் கீழே, வெறுங்கூட்டில் வெட்டி அன்றே அகற்றிவிடுங்கள். அது பக்கத்துத் தலைகளுக்கு மிக வேகமாகத் தாவும்.