யூத மதத்தில வெறும் சாப்பாட்டுச் சட்டம் மட்டும்தானா?

பொத்துவில் பொடியன்:
அறுகம்பேல ரூம் எடுக்கிற யூத ஆக்கள் சிலபேர் வெள்ளி பொழுதுபட்டா போனையே தொடுறாங்க இல்ல. 613 கட்டளையாம், எல்லாம் சாப்பாடு, ஓய்வுநாள் விசயமா? அரசியல் வேணாம் ப்ளீஸ்.

அக்கரைப்பற்று வயல்காரன்:
இல்ல தம்பி, மனிசருக்கு மனிசர் நடக்கிற விசயமும் நிறைய. எனக்குப் பிடிச்சது வயல் சட்டம்தான், யூத வேதத்தில லேவியராகமம் 19ல கிடக்கு, வெட்டக்குள்ள வயல்ட மூலைய ஏழைக்கும் வெளியூரானுக்கும் விடோணும், சிந்தின கதிரையும் பொறுக்கேலா, மறந்துபோய் விட்ட கதிர்க்கட்டுக்கும் திரும்பிப் போகேலா, அது உபாகமம் 24ல கிடக்கு. மிஷ்னாவில (யூதர்ட பழைய சட்டத் தொகுப்பு) மூலை 60ல ஒரு பங்குக்குக் குறையக்கூடாதாம். இது பிச்சை இல்ல, ஏழைட உரிமை. நம்மட பக்கம் மெசின் வெட்டினா என்ன மிஞ்சும் எண்டு கேக்காதங்க 😀

கல்முனை டீச்சர்:
யோம் கிப்பூர், அதான் அவங்கட பாவமன்னிப்பு நாள, விட்டிட்டீங்களே. ஒருநாள் முழுக்க தண்ணியும் இல்லாத நோன்பு, ஆனா அடுத்தவனுக்கு செஞ்ச பிழைக்கு அது காணாது, அவனிட்டயே போய் சமாதானப்படுத்தோணும்.

பொத்துவில் பொடியன்:
எங்கட மௌலவிமாரும் இதான் சொல்ற. ஆள் மௌத்தாகிட்டா?

கல்முனை டீச்சர்:
பத்துப்பேரைக் கூட்டிக்கொண்டு கப்ருக்குப் போய், செஞ்ச பிழைய அவங்களுக்கு முன்னால சொல்லோணும். 12ம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீசும் இத எழுதியிருக்கார்.