சின்ன சந்தையை எப்படிப் பிடிப்பது? இணைய வணிகம் செய்பவர்களின் அனுபவப் பகிர்வு

செந்தூல் தையல்கடை

பெரிய கடைகள் கவனிக்காத, குறிப்பிட்ட ஒரு தேவையுள்ள சிறு கூட்டம்தான் சின்ன சந்தை. "சேலை விற்கலாம்" என்று ஆரம்பித்தால் கோலாலம்பூரின் துணிக்கடைத் தெருவான மஸ்ஜிட் இந்தியாவோடு விலையில் மோத வேண்டும். மொத்தமாக இறக்குகிறவர்களின் விலைக்கு வீட்டிலிருந்து விற்பவர் இறங்கவே முடியாது. அதனால் பொருளில் தொடங்காதீர்கள். அந்தக் கடைகளுக்கெல்லாம் போயும் வெறுங்கையோடு திரும்புகிறவர் யார் என்று பாருங்கள். மூன்று வயதுப் பையனுக்கு ஓடினாலும் அவிழாத வேட்டி தேடும் அம்மா. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடுத்தும் சேலை வேண்டிய பாட்டி. கலைநிகழ்ச்சிக்கு இருபது பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் பாவாடை சட்டை கேட்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மூன்றும் துணி வியாபாரந்தான், ஆனால் விலை, அளவு, ஆர்டர் வரும் மாதம் எல்லாம் வேறு வேறு. இதில் ஒருவரை மட்டும் பிடியுங்கள்.

சிறுவர் வேட்டியையே எடுத்துக்கொள்வோம். ஷோப்பி இணையச் சந்தையில் தேடி, அதிகம் விற்றவை முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். ஐந்து நட்சத்திரக் கருத்துகளைத் தாண்டிப் போய், ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை உள்ளதைப் படியுங்கள். ஒரு கடையில் மட்டும் வரும் புகார் அந்தக் கடையின் கோளாறு. நான்கைந்து கடைகளில் ஒரே புகார் வந்தால் அதுதான் உங்களுக்கான இடம். இந்தப் பொருளில் திரும்பத் திரும்ப வருவது இரண்டு: நீளம் பொருந்தவில்லை, ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) சரியாக ஒட்டவில்லை.

நீளம் ஏன் தவறுகிறது? வயதை வைத்து அளவு போடுகிறார்கள். ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள் உயரம் எவ்வளவோ மாறும். வயதை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எத்தனை செண்டிமீட்டர் என்று கேளுங்கள். எங்கிருந்து எங்கே அளப்பது என்று ஒரு படமும் போடுங்கள். ஒட்டுப்பட்டை கெடுவதற்குக் காரணம் துவைக்கும்போது சொரசொரப்பான பக்கத்தில் ஜரிகை இழையும் பஞ்சும் போய் அடைத்துக்கொள்வது. பட்டையை மூடிவிட்டுத் துவைக்கச் சொல்லி ஒரு சீட்டு வையுங்கள். சொரசொரப்பான பக்கத்தை உள்மடிப்பில், வெளியே பார்க்கும்படி தையுங்கள். மேல்மடிப்பில் உள்ளே பார்க்கும்படி தைத்தால், கொஞ்சம் விலகி ஒட்டினாலே பிள்ளையின் வயிற்றை உரசும். பட்டையோடு இரண்டு அழுத்துப் பொத்தானும் வைத்தால் அவிழவே அவிழாது. இவ்வளவு தெரிந்தவர் எழுதும் பொருள் விவரம் தனியாகத் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ் விளம்பரம்

செந்தூல் அக்கா சொன்னதோடு தேடல் பக்கத்தைச் சேர்க்கிறேன். ஒரு சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகள் டிரெண்ட்ஸில் நாட்டை மலேசியா என்றும் காலத்தை ஐந்து ஆண்டு என்றும் வைத்துப் பாருங்கள். அங்கே தெரியும் 0 முதல் 100 வரையான எண், தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை; அந்தக் காலத்தின் உச்சத்தோடு ஒப்பிட்ட அளவு மட்டுமே. நம் சமூகத்துக்குள் மட்டும் தேடப்படும் சொற்களுக்குப் பல நேரம் தரவு இல்லை என்றே வரும். அதைப் பார்த்து ஆளே இல்லை என்று கைவிடாதீர்கள். அப்படிப்பட்ட சொற்களுக்கு ஷோப்பி, டிக்டாக் தேடல் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டி, கீழே என்ன விரிகிறது என்று பார்ப்பதே நம்பகமானது. வேட்டி, வேஷ்டி, வெஸ்டி, தோத்தி என்று ஒரே பொருளை நான்கு விதமாக எழுதித் தேடுகிறார்கள், மலாயில் 'புடாக்' (பிள்ளை) சேர்த்துத் தேடுகிறவர்களும் உண்டு. அத்தனையும் உங்கள் தலைப்பிலோ விவரத்திலோ இருக்க வேண்டும்.

டிரெண்ட்ஸ் கோடு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் எகிறினால் அது பண்டிகைப் பொருள். தீபாவளி 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. கிட்டத்தட்ட மூன்று வாரம் தள்ளிப் போகிறது. போன ஆண்டுத் தேதியை வைத்து விளம்பரத்தை முடுக்கினால் ஆள் இல்லாத வாரத்தில் காசு கரையும். தைப்பூசம் 2026-இல் பிப்ரவரி 1. பள்ளியாண்டும் 2026 முதல் ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. ஆக பொங்கல், பள்ளிச் செலவு, தைப்பூசம் மூன்றும் ஒரே சம்பளத்தில் விழுகின்றன. அந்த மாதத்தில் விலை கூடிய பொருளை இறக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஜெலுத்தோங் பொதிகட்டு

பொருள் சிறியதா பெரியதா என்பதைக் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதுதான். கூரியரில் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செண்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள், சில நிறுவனங்கள் 6000-ஆல். அப்படி வரும் எண், உண்மை எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். பினாங்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர்களுக்காகச் செய்யும் இலேசான காவடி வளைவு 3 கிலோதான் இருக்கும். 60×50×25 பெட்டியில் போட்டால் 15 கிலோ ஆகிவிடும். அதையே மடக்கும் கீல் வைத்து 50×30×20 பெட்டியில் அடக்கினால் 6 கிலோ. கீலுக்கு ஆகும் செலவு ஒரே அனுப்புதலில் திரும்பிவிடும். சபா, சரவாக்கிற்குக் கட்டணம் வேறு, அதைத் தனியாகப் போடுங்கள்.

காவடி அலங்காரம் விற்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று: மயிலிறகை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. "பார்சலில் போட்டு விடுகிறேன்" என்று அங்கே யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி விற்பவர்கள் வரியையும் கணக்கில் எடுங்கள். 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் விற்கப்பட்டு இறக்குமதியாகும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி.

செந்தூல் தையல்கடை

ஜெலுத்தோங் தம்பி கணக்கைத் தொட்டதால் வேட்டிக்கும் போட்டுக் காட்டுகிறேன். விற்கும் விலை 39 ரிங்கிட் என்று வைப்போம். துணியும் தையலும் 16. பையும் சீட்டும் 1.20. ஷோப்பி போன்ற தளம் எடுக்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து 15 விழுக்காடு என்று வைத்தால் 5.85. ஒரு ஆர்டருக்கு விளம்பரம் 4. திரும்பி வரும் பொருளுக்கு 1.50 ஒதுக்குங்கள். மிஞ்சுவது 10.45. இதில் 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் விலை 31.20, தளக் கட்டணமும் 4.68 ஆகக் குறைகிறது. அப்படியும் கையில் நிற்பது 3.82தான். விலையைக் குறைத்துச் சின்ன சந்தையில் நிற்க முடியாது. சரியான அளவுக்காகத்தான் இங்கே வருகிறார்கள், அந்த அளவுக்குக் காசு கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள்.

ஆயர் ஈத்தாம் மூலிகை

வீட்டில் காய்ச்சும் கூந்தல் எண்ணெய் நல்ல சின்ன சந்தை என்று பலர் நினைக்கிறார்கள். தேவை இருப்பது உண்மை. ஆனால் அழகுப்பொருள் எதையும் விற்குமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் அறிவிப்புப் பதிவு செய்ய வேண்டும். "முடி உதிர்வைக் குணமாக்கும்" என்று எழுதினால் அது மருந்தாகவே பார்க்கப்படும். மருந்து என்றால் 'மால்' (MAL) என்ற பதிவு எண் வேண்டும். தளங்கள் அப்படிப்பட்ட பக்கத்தை நீக்கிவிடும், அதுவரை சேர்த்த மதிப்பீடுகளும் அதோடு போகும். ஆகவே எண்ணெயில் கை வைக்குமுன் அதன் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்: மரச்சீப்பு, எண்ணெய் ஊற்றும் மூக்குக் கிண்ணம், சாம்பிராணிக் கரண்டி. அதே வாடிக்கையாளர்தான், பதிவுச் சுமை இல்லை. விதைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்பதும் அனுமதி இல்லாமல் முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் விளம்பரம்

சரக்கு எடுக்குமுன் சோதிக்கும் முறை. மாதிரி மூன்று மட்டும் தைத்து, பகல் வெளிச்சத்தில் பிள்ளை உடுத்தியபடி படம் எடுங்கள். நாளுக்கு 10 ரிங்கிட் விளம்பரம், பத்து நாள். முன்பதிவாக 10 ரிங்கிட் கட்டச் சொல்லுங்கள், அனுப்பும் தேதியையும் தெளிவாகப் போடுங்கள். "அழகா இருக்கு", "விலை எவ்வளவு" என்பதையெல்லாம் எண்ணாதீர்கள். உறவினர் வாங்குவதையும் எண்ணாதீர்கள். முன்பின் தெரியாதவர் ஐந்து பேராவது பணம் கட்டினால் முப்பது தைக்கலாம். ஒருவரும் கட்டவில்லை என்றால் முதலில் படத்தை மாற்றுங்கள், பிறகு யாருக்கு விற்கிறோம் என்பதை மாற்றுங்கள். விலையைக் கடைசியாகத் தொடுங்கள். முன்பதிவு கட்டியும் அனுப்ப முடியாமல் போனால் பணத்தை அன்றே திருப்பிவிடுங்கள். சின்ன சந்தையில் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறார்கள்.

வணிகம் தொடங்கி 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்-இல் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60. பெயர், பதிவு எண், தொலைபேசி, மின்னஞ்சல், முழு விலை இவை விற்கும் பக்கத்தில் தெரிய வேண்டும்.

ஜெலுத்தோங் பொதிகட்டு

அக்கா, பண்டிகைக்கு மட்டும் வாங்குகிற ஆளை நம்பி ஆண்டு முழுக்க ஓட்ட முடியுமா?

செந்தூல் தையல்கடை

வேட்டி மட்டும் என்றால் கஷ்டம் தம்பி. ஆனால் அதே அம்மாவுக்குக் காதுகுத்து இருக்கிறது, பள்ளியில் பொங்கல் விழா இருக்கிறது, தம்பி பாப்பா பிறந்தால் மறுபடியும் முதல் அளவு வேண்டும். ஆர்டர் வரும்போதே பிள்ளையின் அளவையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி தகவல் அனுப்பலாமா என்று கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகு. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு "போன வருஷம் 52 செண்டிமீட்டர் எடுத்தீங்க, இப்ப ஒருமுறை அளந்து பாருங்க" என்று ஒரு செய்தி. விளம்பரத்துக்கு ஒதுக்கிய அந்த 4 ரிங்கிட் அந்த ஆர்டரில் முழுசாக மிஞ்சும்.