கோடு முழுசு, இன்டர்நெட் இல்லை: உங்கள் 2ஜி காலத்து அனுபவங்கள்

உப்புவெளிக்காரன்:
2010ஆம் ஆண்டு. கிண்ணியாப் பாலம் திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருமலை (திருகோணமலை) டவுனில் போன் திருத்தும் கடையில் நின்றேன். கிண்ணியாவிலிருந்து ஒரு நானா பழைய நோக்கியாவோடு வந்தார். "தம்பி, சிக்னல் கோடு முழுசா நிக்கிது, கதைக்கவும் ஏலும், இன்டர்நெட் மட்டும் வருகுதில்ல."

திரையில் 2ஜி டேட்டாவைக் குறிக்கும் ஜி எழுத்தும் இருந்தது. ஜி வந்தால் நெட் வந்தாயிற்று என்பது எங்கள் கடைச் சாஸ்திரம். ஆகவே போனில்தான் பிழை என்று ஆன்டெனாவை மாற்றினேன், சிம் தட்டைச் சுரண்டித் துடைத்தேன். அரை நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் அவர் வேறு கம்பெனி சிம்முக்கு மாறியிருக்கிறார், போனில் பழைய கம்பெனியின் ஏபிஎன், அதாவது எந்த வாசல் வழியாக இன்டர்நெட்டுக்குப் போவது என்று சொல்லும் பெயர், அப்படியே கிடக்கிறது. அந்த ஒரு சொல்லை மாற்றியதும் பக்கம் திறந்தது. ஆன்டெனாவுக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

இரவு ஷிப்ட்:
அண்ணா, நீங்கள் அங்கே சுரண்டிய நாட்களில் நான் கொழும்பில் ஒரு போன் கம்பெனியின் கோர் அறையில், அதாவது டவர்களுக்குப் பின்னால் இருக்கும் மைய இயந்திரங்களின் அறையில், இருந்தேன். நானும் திருமலைதான்.

ஜி எழுத்து பாதிக் கதையைத்தான் சொல்லும். போன் முதலில் எஸ்ஜிஎஸ்என் என்ற கணுவிடம் தன்னைப் பதிந்துகொள்ளும். அது எச்எல்ஆர் என்ற வாடிக்கையாளர் பதிவேட்டிடம் கேட்டு, சிம் உண்மையானதா, டேட்டா வசதி உண்டா என்று பார்க்கும். போன் எந்தப் பகுதியில் நிற்கிறது என்ற கணக்கும் அதனிடம்தான். ஜி வந்தால் இவ்வளவு முடிந்தது என்று அர்த்தம். இன்டர்நெட்டில் போனின் விலாசமான ஐபி முகவரி இன்னும் கிடைக்கவில்லை!

அதற்குப் பிடிபி கான்டெக்ஸ்ட் என்ற டேட்டா இணைப்பைக் கேட்டு இன்னொரு விண்ணப்பம். அதில் போன் ஏபிஎன் பெயரைச் சொல்லும். அந்தப் பெயரை வைத்துத்தான் எஸ்ஜிஎஸ்என் எந்த ஜிஜிஎஸ்என்னிடம் போவது என்று தேடும். ஜிஜிஎஸ்என்தான் இன்டர்நெட்டுக்கு வாசற்படி, ஐபி முகவரி கொடுப்பதும் அதுவே. பெயர் பிழைத்தால் எஸ்ஜிஎஸ்என் அங்கேயே மறுத்துவிடும், காரண எண் 27, 'ஏபிஎன் இல்லை அல்லது தெரியாது'. இரவு லொக்கில் 27 வரிசையாக ஓடும். பாவம், போன் அதைச் சொல்லாது, 'இணைப்பு இல்லை' என்று மட்டும் காட்டும். நாங்கள் செட்டிங்ஸ் எஸ்எம்எஸ் அனுப்பி அனுப்பிக் களைத்தோம்.

ஹபரணைப் பயணி:
இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போவேன், வழி முழுக்கச் சட் செய்துகொண்டு. எத்தனை டவர் மாறினாலும் லொகின் கலையாது. ஆனால் அம்மா அழைத்தால் சட் உறைந்துவிடும், வைத்ததும் திரும்ப ஓடும். அது ஏன்?

இரவு ஷிப்ட்:
தம்பி, வழியில் எஸ்ஜிஎஸ்என் மாறினாலும் ஜிஜிஎஸ்என் மாறாது. புது எஸ்ஜிஎஸ்என் பழையதிடம் உங்கள் விவரத்தை வாங்கிக்கொண்டு, 'இனி இவருடைய டேட்டாப் பொதிகளை என்னிடம் அனுப்பு' என்று ஜிஜிஎஸ்என்னுக்குச் சொல்லும். ஐபி அதேதான், அதனால் சட்டுக்கு நீங்கள் நகர்ந்ததே தெரியாது. அழைப்பு வந்தால் கதை வேறு. அந்தக் காலத்துப் போன்களில் பெரும்பாலானவை குரலையும் டேட்டாவையும் ஒரே நேரத்தில் 2ஜியில் தாங்காது. எஸ்ஜிஎஸ்என் உங்கள் டேட்டாவைக் கலைக்காமல் நிறுத்தி வைத்துக் காத்திருக்கும்.

உப்புவெளிக்காரன்:
இப்போது 4ஜியில் எஸ்ஜிஎஸ்என், ஜிஜிஎஸ்என் இந்த இரண்டு பேரும் எங்கே?

இரவு ஷிப்ட்:
எஸ்ஜிஎஸ்என் வேலையைப் பதிவு பார்க்கும் எம்எம்இயும் பொதிகளைக் கடத்தும் எஸ்-கேட்வேயும் பிரித்துக்கொண்டன. ஜிஜிஎஸ்என் இருந்த இடத்தில் பி-கேட்வே. ஏபிஎன் மட்டும் அப்படியே இருக்கிறது அண்ணா, போன வாரம்கூட மாமாவின் போனில் அதைத்தான் திருத்தினேன்.