கிணற்றுக்காட்டுச் சொந்தங்கள்: ஒரு கையெழுத்து வேண்டும்

அப்பா: எல்லோருக்கும் வணக்கம். கிருத்திகாவுக்கு நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கடனுக்கு வங்கியில் ஈடு கேட்கிறார்கள். கிணற்றுக்காடு கூட்டுப் பட்டா என்பதால் அண்ணனும் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வசதிப்படுமா?

ஈஸ்வரி அத்தை: சந்தோஷம் கண்ணு. எத்தனை வருடம்? எங்கள் பிரபு கேட்கிறான்.

அப்பா: ஒரு வருடம். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம் அக்கா.

பெரியப்பா: வக்கீல் படிப்பைத்தான் கோவையில் முடித்தாயிற்றே. இது என்ன?

கிருத்திகா: சர்வதேசக் குற்றவியல் சட்டம், பெரியப்பா.

அத்தை வீட்டு மாமா: ஹேக் நகரில், பாகிஸ்தான் பிடித்து வைத்த நம் குல்பூஷண் ஜாதவ் வழக்கு நடந்ததே, அந்தக் கோர்ட்டா?

கிருத்திகா: இல்லை மாமா. அது நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள வழக்கைத் தீர்ப்பது. நான் சொல்லும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் ஹேக்கில்தான் இருக்கிறது, ஆனால் தனி ஆளைக் கூண்டில் ஏற்றுவது. ஆள்கிறவனே மக்களைக் கொன்று குவித்தால் உள்ளூர்க் கோர்ட்டில் யார் வழக்குப் போடுவார்கள்? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களை விசாரித்தார்கள். பிறகு யூகோஸ்லாவியாவுக்கும் ருவாண்டாவுக்கும் தனித்தனியாகத் தீர்ப்பாயம் வைத்தார்கள். நிலையான கோர்ட்டுக்கு 1998இல் ரோமில் உடன்படிக்கை போட்டு, அது 2002இல் நடைமுறைக்கு வந்தது. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க் குற்றங்கள், ஆக்கிரமிப்பு, இந்த நான்கும்தான் அதன் வரம்பு. அதுவும் உள்ளூரில் விசாரிக்க மனமோ வழியோ இல்லாதபோது மட்டுமே தலையிடும்.

சித்தப்பா, திருப்பூர்: நம் கிணற்று முறைத் தண்ணீர் வழக்கை எடுப்பார்களா?

பெரியப்பா: யாருக்குக் குத்துகிறாய்?

சித்தப்பா, திருப்பூர்: பொதுவாகக் கேட்டேன் அண்ணா.

ஈஸ்வரி அத்தை: பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது? கோயில் பொங்கலுக்கு வேண்டும்.

பெரியப்பா: இந்தியா அதில் சேர்ந்திருக்கிறதா?

கிருத்திகா: இல்லை பெரியப்பா. ஐநா பாதுகாப்பு சபை அந்தக் கோர்ட்டுக்கு வழக்கை அனுப்பலாம் என்பதை இந்தியா ஏற்கவில்லை. அணு ஆயுதப் பயன்பாட்டைக் குற்றமாகச் சேர்க்கவில்லை என்பதும் ஒரு குறை. அதனால் கையெழுத்திடவில்லை.

பெரியப்பா: இந்தியாவே போடாத கையெழுத்தை நான் போட வேண்டுமாக்கும்.

சித்தப்பா, திருப்பூர்: 😂😂

அம்மா: சிரிப்பதற்கு நேரமா தம்பி?

ஈஸ்வரி அத்தை: கொலை, வெட்டு என்று பெண் பிள்ளைக்கு எதற்கு கண்ணு இந்தப் படிப்பு?

கிருத்திகா: அத்தை, நவி பிள்ளை என்று ஒருவர். டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண், பஸ் ஓட்டுநரின் மகள். ருவாண்டா தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்தார். அகயேசு என்ற ஊர்த் தலைவர்மீது 1998இல் வந்த தீர்ப்பை எழுதிய மூவரில் ஒருவர். ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் விசாரித்து இனப்படுகொலைக் குற்றவாளி என்று அறிவித்தது அதுதான் முதல் முறை. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் ஆயுதமாகலாம் என்று அதில் சொன்னார்கள். பிறகு ஹேக்கிலும் நீதிபதியானார்.

ஈஸ்வரி அத்தை: பஸ் ஓட்டுநர் மகளா!

சௌமியா: ஆத்தா சொல்லச் சொல்லித் தட்டுகிறேன். “பெரியவனே, உன் தோட்டத்துக்கு மோட்டார் வாங்க என் காப்பை அடகு வைத்தபோது சின்னவன் ஏனென்று கேட்டானா?”

சித்தப்பா, திருப்பூர்: ஆத்தா தீர்ப்புச் சொல்லியாயிற்று.

அப்பா: அம்மா, விடுங்கள்.

பெரியப்பா: நான் மாட்டேன் என்று எங்கே சொன்னேன்? சர்வேயர் வந்து தெற்கு வரப்பை அளந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இரண்டு வருடமாகச் சொல்கிறேன்.

அப்பா: அதற்கும் இதற்கும் என்ன அண்ணா?

அத்தை வீட்டு மாமா: ஞாயிறு வங்கியே திறக்காதே. வில்லங்கச் சான்று வாங்கியாயிற்றா?

அப்பா: விண்ணப்பித்திருக்கிறேன்.

அம்மா: அண்டா எங்கள் வீட்டில்தான் இருக்கிறது அண்ணி. ஓரத்தில் ஓட்டை.

பெரியப்பா: செவ்வாய் தேங்காய் வெட்ட ஆள் வருகிறது. புதன் பார்க்கலாம். பத்திர நகலைக் கொடுத்தனுப்பு, நானும் ஒருமுறை படிக்கிறேன்.

கிருத்திகா: நானே கொண்டு வருகிறேன் பெரியப்பா.

பெரியப்பா: வா கண்ணு. உன் அப்பன் வர வேண்டாம்.