ஜெர்மனியில் சோதனைக் காலம்: கோடிங் சரி, வணிகம் புரியவில்லை என்கிறார் மேலாளர்

புதிதாய் வந்தவன்: அனைவருக்கும் வணக்கம். ஸ்டுட்கார்ட்டில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் மென்பொருளாளராகச் சேர்ந்திருக்கிறேன். சென்னையில் பிஸினஸ் அனலிஸ்ட், அதாவது வணிகத் தேவைகளை ஆராய்பவர், எழுதித் தருவதை ஜாவா நிரலாகச் செய்து கொடுப்பதே என் வேலையாக இருந்தது. இங்கே அப்படி எழுதித் தர ஒருவரும் இல்லை. நேற்று மேலாளர், "உங்கள் கோடிங்கில் குறையில்லை, ஆனால் இந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியவில்லை" என்று கூறிவிட்டார். இரவெல்லாம் உறக்கம் இல்லை. எம்பிஏ படிக்க வேண்டுமா? வேலை போனால் என்ன செய்வது?

ஹாம்பர்க் அண்ணன்: தம்பி, முதலில் ஜெர்மன் மொழியைப் படியுங்கள். நான் வந்த புதிதில் வீடு கிடைக்காமல் ஒரு நண்பரின் சோபாவில் படுத்துக்கொண்டே மொழி வகுப்புக்குப் போனேன். கூட்டங்களில் ஆங்கிலம் பேசுவார்கள். ஆனால் வாடிக்கையாளர் ஏன் கோபமாக இருக்கிறார் என்பதை மதிய உணவு மேசையில் ஜெர்மனில்தான் பேசுவார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட் கணக்கன்: அண்ணன் சொல்வதை ஏற்க இயலவில்லை. மொழி நன்றாகத் தெரிந்தும் லாப நட்டக் கணக்கைப் படிக்கத் தெரியாதவர்களைத் தினமும் பார்க்கிறேன். எம்பிஏ படியுங்கள், எனக்கு அதனால்தான் பதவி உயர்வு கிடைத்தது.

ஹாம்பர்க் அண்ணன்: சோதனைக் காலத்தில் இருப்பவருக்கு இரண்டாண்டுப் படிப்பை எழுதிக் கொடுக்கிறீர்களே!

பெர்லின்வாசி: என்ன கற்று என்ன பயன்? குழுவின் வேலைப்பளுவை அளக்க ஒரு சிறிய மென்பொருளைப் பரிந்துரைத்தேன். ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் குழுவான ஊழியர் மன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டார்கள்.

மியூனிக் அக்கா: அது இழுத்தடிப்பு அன்று, சட்டம். ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கக்கூடிய தொழில்நுட்பத்தைக் கொண்டுவர, ஊழியர் மன்றம் உள்ள நிறுவனங்களில் அதன் இசைவு தேவை. நிறுவன அமைப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இதை முன்கூட்டியே அறிந்து திட்ட அட்டவணையில் சேர்ப்பதும் வணிக அறிவில் சேர்ந்ததே.

கேட்டவருக்கு வருவோம். தம்பி, எந்தப் பிரிவில் வேலை, எத்தனையாவது மாதம், என்ன விசா என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

புதிதாய் வந்தவன்: மன்னியுங்கள் அக்கா. நான்காவது மாதம், புளூ கார்டு, அதாவது உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான வசிப்பு அனுமதி. விலைப்பட்டியல், அதாவது இன்வாய்ஸ், உருவாக்கும் பகுதியை நான்தான் பார்க்கிறேன்.

மியூனிக் அக்கா: அப்படியானால் எம்பிஏவை ஒதுக்கிவையுங்கள். 2025 ஜனவரி 1 முதல் இந்நாட்டு நிறுவனங்கள் தமக்குள் மின்-இன்வாய்ஸைப் பெறும் நிலையில் இருந்தாக வேண்டும். அனுப்பும் கடமை 2027இல் எட்டு லட்சம் யூரோவுக்கு மேல் ஆண்டு விற்றுமுதல் உள்ளவர்களுக்கும், 2028இல் மற்றவர்களில் பெரும்பாலோருக்கும் வருகிறது. வெறும் பிடிஎஃப் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவது இதில் சேராது. உங்கள் கண்ணுக்கு மின்-இன்வாய்ஸ் என்பது கணினி தானே படிக்கக்கூடிய ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. வாங்குபவருக்கோ, கட்டிய விற்பனை வரியைக் கழித்துக்கொள்வதற்கான ஆதாரம். அதில் தவறு இருந்தால் அவர் பணம் தருவதை நிறுத்தி வைப்பார், உங்கள் நிறுவனத்துக்கு வரவேண்டிய தொகை தேங்கும். உங்கள் மேலாளர் எதிர்பார்ப்பது இந்தத் தொடர்பை நீங்களே கண்டு சொல்வதைத்தான் என்று நினைக்கிறேன்.

மாத இறுதியில் ஒரு நாள் கணக்குப் பிரிவில் உட்கார அனுமதி கேளுங்கள். மாதந்தோறும் விற்பனை வரிக் கணக்கை முன்கூட்டித் தரும் நிறுவனம் என்றால், நீட்டிப்பு வாங்கியிராவிட்டால், அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் அதைத் தந்தாக வேண்டும். அந்த நாட்களில் மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடும் நிரலாளரை அவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். உங்கள் நிறுவனம் ஜிஎம்பிஹெச் (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) வகை என்றால், அதன் ஆண்டுக் கணக்கை அரசின் நிறுவனப் பதிவேட்டுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அண்ணன் சொன்ன மொழியும் வேண்டும். கணக்குப் பிரிவில் அது உடனே உதவும்.

வேலை பற்றி: சோதனைக் காலத்தில் பொதுவாக இரண்டு வார முன்னறிவிப்பில் நீக்கலாம். அப்படி நேர்ந்தால், தெரிந்த மூன்று நாட்களுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும், இரண்டு வாரங்களுக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்திலும் தெரிவிக்க வேண்டும்.

புதிதாய் வந்தவன்: நன்றி அக்கா. கணக்குப் பிரிவுத் தலைவருக்கு நேரடியாக எழுதலாமா, மேலாளர் வழியாகத்தான் போக வேண்டுமா?

மியூனிக் அக்கா: மேலாளரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். எந்த இன்வாய்ஸ்கள் திரும்பி வருகின்றன, ஏன் என்ற பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.