ஒப்புவித்தலுக்குப் பழக்கும்போது ‘பளம்’, ‘சொல்லுதேன்’ இரண்டையும் திருத்தணுமா?

வளவுவீடு:
பாளையங்கோட்டையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒப்புவித்தல் போட்டிக்குப் பழக்குகிறோம். ‘பழம்’ பளம் ஆகிறது, ‘எழுந்து’ எளுந்து ஆகிறது. ‘சொல்லுதேன்’, ‘படிக்கேன்’, ‘வந்தாவ’ என்று பேசுவதையும் சிலர் தப்பு என்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்றணுமா? ‘ழ’வுக்கு நாக்கை எங்கே வைக்கச் சொல்லணும்? அதோடு, திருத்தத் திருத்த ‘மக்கள்’ மக்கழ் ஆகிவிடுகிறது.

ஆத்தங்கரை:
இரண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. ‘சொல்லுதேன்’ பிழையே இல்லை, அதற்கு ஒழுங்கான இலக்கணம் இருக்கு. எழுத்தில் ‘கிற்’ வரும் வினைக்கு இங்கே ‘த்’ வரும்: ஓடுகிறான் – ஓடுதான், எழுதுகிறாள் – எழுதுதா. ‘க்கிற்’ வரும் வினையில் ‘க்க்’ மட்டும் நிற்கும்: படிக்கிறேன் – படிக்கேன், பார்க்கிறான் – பாக்கான். ‘ஓடுக்கான்’ என்று இங்கே ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. வாரேன், போறேன் இரண்டும் தனி.

‘வந்தார்கள்’ மதுரை, சிவகங்கைப் பக்கம் ‘வந்தாக’. இங்கே அந்த ‘க’ தேய்ந்து ‘வந்தாவ’. ஒருத்தரை மரியாதையாகச் சொல்லவும் இதுதான்: ‘அத்தான் வந்தாவ’. பிள்ளைகளிடம் ‘மேடைக்கு வேற மாதிரி’ என்று சொல்லுங்க, போதும். தப்பு என்றால் வாய் திறக்கவே கூச்சப்படும்.

‘ழ’ அப்படியில்லை. இரண்டு ஒலி ஒன்றாகி அர்த்தமே மாறுது: வாழை – வாளை மீன், உழவு – உளவு, ஒழி – ஒளி. ‘ல’ மட்டும் தனியா நிற்கிறதால் மழை ‘மளை’ ஆகுமே தவிர ‘மலை’ ஆகாது.

நுனிநாக்கு:
‘ள’வுக்கு நுனிநாக்கு மடிந்து மேலண்ணத்தில் ஒட்டும், காற்று இரண்டு ஓரமும் போகும். ‘ழ’விலும் மடியணும், ஆனால் ஒட்டக் கூடாது. ஓரங்கள் மேல் கடைவாய்ப் பல்லைத் தொடும், காற்று நடுவில் போகும். சோதிக்க ஒரு வழி: ‘ள்’ நிலையில் நாக்கை நிறுத்தி மூச்சை உள்ளே இழுத்தால் ஓரத்தில் குளிரும், ‘ழ்’ என்றால் நடுவில்.

தொல்காப்பியப் பிறப்பியல் ‘ழ’வை ‘ர’வோடுதான் சேர்த்துச் சொல்கிறது, ல ளவோடு அல்ல. பழக்குவதற்கும் அதுவே சுலபம். ‘அர்’ சொல்லச் சொல்லி, நாக்கு துடிக்காமல் நுனியைப் பின்னால் இழுத்தால் ‘அழ்’ வந்துவிடும். நுனி ஒட்டினால் ‘ள’. நுனி எழாமல் நடுநாக்கு மட்டும் உயர்ந்தால் ‘ய’; சென்னையில் கேட்கிற ‘வாயப்பயம்’ அதுதான்.

வாய்க்கு முன்னால் காதைப் பழக்குங்க. நீங்கள் 10 சொல்லைக் கலந்து வாசிக்கணும், ‘ழ’ கேட்டால் பிள்ளை ஒரு விரல், ‘ள’ கேட்டால் இரண்டு விரல் காட்டணும். 8 சரியாக வந்த பிறகு சொல்லிப் பழகட்டும், தினம் 5 நிமிஷம். முதலில் மழை, எழு. வாழ்க்கை, தாழ்ந்த எல்லாம் கடைசியில், ஏனென்றால் அடுத்து மெய் வந்தால் நாக்கு அவசரப்பட்டு ஒட்டிக்கொள்ளும்.

முடுக்குத்தெரு:
‘மக்கழ்’ வராமல் இருக்க மூணு விதி. தமிழில் ‘ழ’ இரட்டிக்காது, அதனால் பள்ளி, வெள்ளம் எல்லாம் ‘ள’. பன்மை ‘கள்’ எப்போதும் ‘ள’. அவள், வந்தாள் என்ற பெண்பால் முடிவும் ‘ள’. ஊர்ப் பெயரை வைத்தே பழக்கலாம்: தாழையூத்து, ஆழ்வார்குறிச்சி ஒரு பக்கம், களக்காடு, வள்ளியூர், பாளையங்கோட்டை மறுபக்கம். பிறகு இரண்டும் சேர்ந்த சொற்கள்: தோழர்கள், பழங்கள், தாழ்ப்பாள். ‘தோழர்’ என்று நிறுத்தி, ‘கள்’ சொல்லி, அப்புறம் சேர்க்கணும்.

வளவுவீடு:
ரொம்ப நன்றி. திருநெல்வேலியைத் ‘திருநவேலி’ என்பதையும் அப்படியே விட்டுவிடலாமா?

ஆத்தங்கரை:
பேச்சில் இருக்கட்டும். சேரன்மகாதேவியைச் ‘சேர்மாதேவி’ என்கிற மாதிரிதான் அதுவும். மேடையில் ஊரைச் சொல்லும்போது மட்டும் ‘நெல்’லில் ஒரு கணம் நின்று ‘வேலி’க்குப் போகச் சொல்லுங்க. அவசரத்தில் முழுங்குறது அந்த ‘ல்’லைத்தான்.